பள்ளிக்கூடத்து ஊசியும் பெற்றோர் கையெழுத்தும்

(பெற்றோர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



எனக்கு முன் பேசிய தோழர்கள் பல விஷயங்களைப் பற்றி விரிவாகப் பேசினார்கள். நான் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி மாத்திரம் பேசலாமென்று நினைக்கிறேன். அதாவது, கருப்பை வாய்ப் புற்று நோய் வராமலிருப்பதற்காக, பருவமடையும் வயதிலுள்ள பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே போடப்படும் எச்.பி.வி. தடுப்பூசியைப் பற்றியதாகும். நம் தமிழ்நாட்டிலும் 14 வயதுப் பெண்களுக்கு இதை இலவசமாகப் போடுவதற்கென்று 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாக 2025-ம் வருஷத்து வரவு செலவுத் திட்டத்தில் சொல்லப்பட்டது. ஆகவே உங்கள் வீட்டுப் பெண்ணும் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து, "இதில் கையெழுத்துப் போடுங்கள்" என்று நீட்டக்கூடும்.

அந்தக் காகிதத்தைக் கண்டதும் நாம் என்ன செய்வோம்? நம்மில் ஒரு கூட்டத்தார் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். "சர்க்கார் அனுப்பியது, வாத்தியார் கொடுத்தது, நமக்கென்ன தெரியும்?" என்பார்கள். மற்றொரு கூட்டத்தார் படித்துப் பார்க்காமலே கிழித்தெறிந்துவிடுவார்கள். "அந்த ஊசி போட்டால் பிள்ளை பிறக்காதாமே, பக்கத்து வீட்டில் சொன்னார்கள்" என்பார்கள். என்னைக் கேட்டால் இவ்விரு கூட்டத்தாருக்கும் அதிக வித்தியாசமில்லையென்றே சொல்லுவேன். இருவரும் யோசிக்கிற வேலையைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டவர்கள். ஒருவர் உத்தியோகஸ்தரிடம் ஒப்படைத்தார். மற்றவர் வதந்தியிடம் ஒப்படைத்தார். மூன்றாவது வழி ஒன்றுண்டு. அது, கேட்டுத் தெரிந்துகொண்டு, தெரிந்ததன்மேல் நடப்பது. அந்த வழியில் போவதற்கு வேண்டிய விஷயங்களைத்தான் உங்கள் முன் வைக்கிறேன். நான் வைத்தியனல்ல. வைத்தியர்கள் ஆராய்ந்து வெளியிட்டிருப்பதைப் படித்து, சாதாரண மனிதனுக்கு விளங்குகிற மாதிரி சொல்லுவதுதான் என் வேலை.

நோய் எப்படிப்பட்டது?

தோழர்களே! 2022-ம் வருஷத்தில் இந்தியாவில் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாகக் கண்டது. சுமார் 80,000 பேர் இதனால் இறந்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு 200 பேருக்கு மேல் ஆகிறது. நான் இங்கு ஒரு மணி நேரம் பேசினால் அதற்குள் 9 பெண்கள் செத்துப்போகிற கணக்காகும். இவர்கள் பெரும்பாலும் கிழவிகளல்ல. குடும்பத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிற, பிள்ளைகளைப் படிக்கவைத்துக்கொண்டிருக்கிற வயதிலுள்ளவர்கள். உலகம் முழுதும் அதே வருஷத்தில் இறந்தவர்கள் சுமார் 3,50,000 பேர். அவர்களில் நூற்றுக்கு 90-க்கு மேற்பட்டவர்கள் ஏழை நாடுகளையும் நடுத்தர வருமான நாடுகளையும் சேர்ந்த பெண்களேயாவார்கள். இது "தலையெழுத்து" என்றால், அந்த எழுத்து ஏழை நாட்டுப் பெண்ணின் தலையில் மாத்திரம் ஏன் எழுதப்பட வேண்டுமென்று கேட்கிறேன்.

இந்த நோய்க்குக் காரணம் தலையெழுத்துமல்ல, முன் ஜென்ம வினையுமல்ல. எச்.பி.வி. என்னும் வைரஸ் கிருமியேயாகும். ஜெர்மனி தேசத்து ஹரால்ட் சூர் ஹௌசன் என்னும் அறிஞர், மற்றவர்கள் ஒப்புக்கொள்ளாத காலத்திலேயே இதைச் சொல்லி, 1983-லும் 1984-லும் இந்தப் புற்றில் அக்கிருமியின் இரண்டு முக்கிய வகைகளைக் கண்டுபிடித்தார். அதற்காக 2008-ல் அவருக்கு நோபல் பரிசு கொடுக்கப்பட்டது. ஆண் பெண் சேர்க்கையில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் மிகச் சாதாரணமான கிருமி இது. தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு வருஷத்தில் தானே மறைந்துவிடும். மறையாமல் தங்கிவிட்ட சிலருக்கு 15, 20 வருஷம் சென்று புற்றாக மாறுகிறது. அதாவது இருபது வயதில் நுழைந்த திருடன் நாற்பது வயதில்தான் வீட்டைக் கொள்ளையடிக்கிறான்.

ஊசி செய்வது என்ன?

ஆஸ்திரேலியாவில் இயான் பிரேசர், ஜியன் ஜோ என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1991-ல் ஒரு வழி கண்டார்கள். கிருமியின் மேல் தோடு போன்ற ஒன்றை மாத்திரம் தனியாக உண்டாக்கினார்கள். உள்ளே பருப்பில்லை. பருப்பில்லாத நிலக்கடலையை மண்ணில் புதைத்தால் முளைக்குமா? முளைக்காது. அதுபோலவே இந்த வெறும் தோடு உடம்பில் நோயை உண்டாக்க முடியாது. ஆனால் உடம்பின் காவற்காரர்கள் அந்தத் தோட்டைப் பார்த்து அடையாளம் தெரிந்துகொள்ளுகிறார்கள். பின்னால் நிஜமான கிருமி வந்தால் வாசலிலேயே பிடித்துவிடுகிறார்கள். இதுதான் இந்த ஊசியின் தத்துவம். 2006-ல் இது பழக்கத்துக்கு வந்தது. இந்தியாவிலேயே செய்யப்பட்ட ஊசியும் 2023 முதல் கிடைக்கலாயிற்று.

"பன்னிரண்டு வயதுக் குழந்தைக்கு இப்பொழுதே என்ன அவசரம்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இந்த ஊசி வரும் நோயைத் தடுக்குமேயொழிய, வந்துவிட்ட கிருமியை விரட்டாது. கிருமி வருவதற்கு வெகு காலம் முன்பே போட்டுக்கொண்டால்தான் முழுப் பலன் உண்டு. அன்றியும் 9 முதல் 14 வயதுக்குள் உடம்பு இதை நன்றாக ஏற்றுக்கொண்டு அதிகமான எதிர்ப்புச் சக்தியை உண்டாக்குகிறது. பூட்டைத் திருடன் வருவதற்கு முன் போடுவதா, வந்து போன பிறகு போடுவதா என்பதுதான் கேள்வி.

பள்ளிக்கூடத்தில் ஏன்?

இனி, ஆஸ்பத்திரி இருக்கும்போது பள்ளிக்கூடத்தில் ஏன் போடவேண்டும் என்பதைக் கவனிப்போம். கைக்குழந்தையைத் தாய் தூக்கிக்கொண்டு போய் ஊசி போட்டுவருகிறாள். ஆனால் 12, 13 வயதில் நன்றாக ஓடியாடுகிற பெண்ணை எந்தத் தாய் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவாள்? போனால் அன்றைக்குக் கூலி போகும். பஸ் செலவு ஆகும். பெண்ணுக்குப் பாடம் போகும். "என்ன வியாதி?" என்று பார்ப்பவர்கள் கேட்பார்கள். ஆகையால் போகமாட்டாள். பணமுள்ளவர் மாத்திரம் தனி வைத்தியரிடம் போய்ப் போட்டுக்கொள்ளுவார். பள்ளிக்கூடத்திலோ வரிசையில் முன்னால் நிற்பவள் மிராசுதார் மகள், பின்னால் நிற்பவள் கூலிக்காரர் மகள் என்கின்ற பேதமில்லை. ஒரே ஊசி, ஒரே விலை. அதாவது விலையே இல்லை.

இது வெறும் வாதமல்ல. நமக்கு வடக்கே இமயமலைச் சாரலிலுள்ள பூடான் என்னும் சிறு தேசத்தின் அனுபவத்தைப் பாருங்கள். 2010-ல் அங்கு இந்த ஊசியைப் பள்ளிக்கூடங்களில் போட்டார்கள். அநேகமாக எல்லாப் பெண்களுக்கும் கிடைத்தது. பிறகு பள்ளியை விட்டுச் சுகாதார நிலையங்களுக்கு மாற்றினார்கள். உடனே போட்டுக்கொண்டவர் தொகை குறைந்துபோய்விட்டது. ஆகவே 2014-ல் மறுபடியும் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுவந்தார்கள். தொகையும் மறுபடி ஏறிற்று. அதே தேசம், அதே ஜனங்கள், அதே மருந்து. இடம் மாத்திரம்தான் வேறு.

ஆப்பிரிக்காவிலுள்ள ருவாண்டா, மிகக் கொடிய படுகொலையால் 1994-ல் சின்னாபின்னமாகிப்போன ஏழை நாடு. அந்த நாடு 2011-ல் ஆரம்பப்பள்ளியின் ஆறாவது வகுப்புப் பெண்களுக்கு இந்த ஊசியைப் போட ஆரம்பித்து, முதல் வருஷத்திலேயே நூற்றுக்கு 90-க்கு மேற்பட்டவர்களுக்குப் போட்டு முடித்தது. பள்ளிக்கு வராத பெண்களைக் கிராமத்துச் சுகாதார ஊழியர்கள் தேடிப் பிடித்தார்கள். இதை நாம் முக்கியமாகக் கவனிக்கவேண்டும். பள்ளியை விட்டு நிறுத்தப்பட்டு, ஆடு மேய்க்கவும் வீட்டு வேலைக்கும் அனுப்பப்பட்ட பெண்தான் பின்னால் வைத்தியத்துக்கும் வழியில்லாதவளாக இருப்பாள். அவளை விட்டுவிட்டுச் செய்கிற எந்தத் திட்டமும் பாதித் திட்டமேயாகும். நம் தேசத்திலும் சிக்கிம் ராஜ்யத்தில் 2018-ல் பள்ளிகள் மூலமாகவே நூற்றுக்கு 95-க்கு மேற்பட்ட பெண்களுக்குப் போட்டார்கள்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். ஸ்வீடன் தேசத்தில் 17 வயதுக்கு முன் ஊசி போட்டுக்கொண்ட பெண்களுக்கு, போட்டுக்கொள்ளாதவர்களைவிட இந்நோய் நூற்றுக்கு 88 பங்கு குறைவாக வந்ததென்று 2020-ல் வெளியிட்டார்கள். இங்கிலாந்தில் 12, 13 வயதில் ஊசி கொடுக்கப்பட்ட பெண்களிடையே நூற்றுக்கு 87 பங்கு குறைந்ததென்று 2021-ல் வெளியிட்டார்கள். ஸ்காத்லாந்தில் 2008 முதல் பள்ளிகளில் 12, 13 வயதில் முழுமையாகப் போட்டுக்கொண்டவர்களில் ஒருவருக்குக்கூட இப்புற்று கண்டதாகப் பதிவில்லை என்று 2024-ல் சொன்னார்கள். வேறு எந்தத் தாயத்துக்காவது, எந்த நேர்த்திக்கடனுக்காவது இப்படிக் கணக்கு உண்டா?

ஆட்சேபணைகள்

இதற்குச் சொல்லப்படும் ஆட்சேபணைகளைப் பார்ப்போம்.

முதலாவது, கற்புக்காரர்களின் ஆட்சேபணை. "சேர்க்கையால் வரும் நோய்க்குக் கன்னிப் பெண்ணுக்கு ஊசியா? இது அவளைக் கெட்டுப்போகச் சொல்லுவதாகாதா?" என்கிறார்கள். தோழர்களே! குடை வாங்கிக் கொடுத்தால் மழையில் நனையச் சொன்னதாக ஆகுமா? அமெரிக்காவிலும் கனடாவிலும் இதை ஆராய்ந்து பார்த்து, ஊசி போட்டுக்கொண்ட பெண்களின் நடத்தையில் அதனால் எவ்வித மாறுதலும் இல்லையென்று கண்டிருக்கிறார்கள். அன்றியும், ஆயுள் முழுதும் ஒரே புருஷனோடு வாழ்ந்த பெண்ணுக்கும் அந்தப் புருஷன் மூலமாகவே இக்கிருமி வரலாம். அவன் எங்கெங்கு போய் வந்தான் என்று எந்தச் சாஸ்திரமும் கேட்பதில்லை. ஆனால் நோய் வந்து சாகிறவள் அவள், சந்தேகப்படுகிறதும் அவளையே. பெண்ணின் உயிரைவிட ஊரார் வாய்ப்பேச்சுக்கு அதிக மதிப்புக் கொடுப்பதற்குத்தான் கற்பென்று பெயரானால், அந்தக் கற்பு யாருக்கு உபயோகம்?

இந்த நோய்க்கு ஆணும் காரணம் என்பதோடு, ஆணுக்கும் தொண்டைப் புற்று முதலியவை இக்கிருமியால் வருகின்றன. ஆஸ்திரேலியாவில் 2013 முதலும், இங்கிலாந்தில் 2019 முதலும் பையன்களுக்கும் பள்ளியில் இந்த ஊசி போட ஆரம்பித்தார்கள். கைக்கு வசதி வரும்பொழுது நாமும் அப்படிச் செய்வதுதான் முறையாகும்.

இரண்டாவது, "பிள்ளை பிறக்காது" என்பது. இதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. இந்த ஊசியை ஆராய்ந்த உலக சுகாதார ஸ்தாபனத்தின் குழுவினர் அப்படி ஒன்றும் இல்லையென்றே சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை பிறப்பதை உண்மையில் தடுப்பது கருப்பை வாய்ப் புற்றேயாகும். அதற்குக் கருப்பையையே எடுத்துவிட நேருகிறது.

மூன்றாவது, "ஊசி போட்டதும் பெண்கள் மயங்கி விழுகிறார்கள்" என்பது. ஆம், சிலர் மயங்குவதுண்டு. இந்த வயதில் எந்த ஊசிக்கும், பயத்தினாலும் வலியினாலும் அப்படி நேருவதுண்டு. அதனால்தான் உட்காரவைத்துப் போடவேண்டும், போட்ட பிறகு 15 நிமிஷமாவது உட்காரவைத்துக் கவனிக்கவேண்டும் என்கிறார்கள். கை வலியும் சிறு ஜுரமும் வரலாம். கடுமையான ஒவ்வாமை பத்து லட்சம் ஊசிக்கு ஏறக்குறைய இரண்டு பேருக்கு வருவதாகக் கணக்கு. அதற்கு மாற்று மருந்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் போடவேண்டும். இவற்றை மறைக்கவேண்டிய அவசியமில்லை.

ஆனால் பயம் பரவினால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானைப் பாருங்கள். 2013 ஏப்ரலில் அங்கு இந்த ஊசியைப் பொதுத் திட்டத்தில் சேர்த்தார்கள். சில பெண்கள் உடம்பு வலி, நடக்கமுடியாமை என்று கஷ்டப்படுவதைப் பத்திரிகைகளும் டெலிவிஷனும் விடாமல் காட்டின. ஜூன் மாதத்திலேயே சர்க்கார் சிபாரிசை நிறுத்தி வைத்தது. நூற்றுக்கு 70 பேர் போட்டுக்கொண்டிருந்தது போய், ஒருவர்கூட இல்லாத நிலைக்கு வந்துவிட்டது. பிறகு நகோயா பட்டணத்தில் சுமார் 30,000 பெண்களை விசாரித்தபோது, ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் அந்த உபத்திரவங்களில் வித்தியாசமே காணோம். அந்தப் பெண்கள் பட்ட கஷ்டம் பொய்யல்ல. ஆனால் அதற்குக் காரணம் ஊசியென்று தெரியவில்லை. 2022-ல்தான் மறுபடியும் சிபாரிசு செய்தார்கள். இடைப்பட்ட காலத்தில் விடுபட்ட பெண்களில் 5,000 பேருக்கு மேல் பின்னால் இந்நோயால் இறக்கக்கூடுமென்று அறிஞர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். வதந்திக்கும் ஒரு விலையுண்டு. அதைக் கொடுப்பவர்கள் வதந்தியைப் பரப்பினவர்களல்ல.

கம்மம் சொல்லும் பாடம்

நிற்க, இவ்வளவும் ஒரு பக்கம். மற்றொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் யோக்கியமாகப் பேசினவனாகமாட்டேன்.

2009-ல் அப்போதைய ஆந்திராவைச் சேர்ந்த கம்மம் ஜில்லாவிலும், குஜராத்தில் வதோதரா ஜில்லாவிலும் இந்த ஊசியைப் பெண் பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்க்கும் வேலையொன்று, பாத் என்னும் அமெரிக்க ஸ்தாபனத்தினால் சர்க்கார் இலாகாக்களின் உதவியோடு நடந்தது. கம்மத்தில் ஊசி போடப்பட்டவர் சுமார் 14,000 பேர். இவர்களில் பலர் பழங்குடிப் பெண்கள். விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். இரு இடங்களிலுமாக 7 பெண்கள் இறந்தார்கள். விசாரணையில் அச்சாவுகளுக்குப் பாம்புக்கடி, நீரில் மூழ்கியது, பூச்சிமருந்து குடித்தது, மலேரியா போன்றவையே காரணமாகக் கூறப்பட்டன. ஊசிக்குச் சம்பந்தம் காணப்படவில்லை. ஆயினும் 2010 ஏப்ரலில் அது நிறுத்தப்பட்டது.

ஆனால் விசாரணையில் வேறொன்று வெளிவந்தது. 2013-ல் பார்லிமெண்டுக் குழு கொடுத்த அறிக்கையில், கம்மத்தில் 9,543 சம்மதப் படிவங்களில் 2,763 படிவங்களில் கையெழுத்துப் போட்டவர்கள் விடுதிக் காப்பாளர்கள் என்றும், 1,948-ல் கைநாட்டு இருந்ததென்றும் காணப்படுகிறது. பெற்றவர்களுக்குத் தெரியாமல் பிள்ளையின் உடம்புக்கு இன்னொருவர் சம்மதம் கொடுத்திருக்கிறார்! கைநாட்டு வைத்தவருக்கு அதில் என்ன எழுதியிருந்ததென்று யார் படித்துச் சொன்னார்கள்? பட்டணத்து வக்கீல் மகளுக்கு இப்படிச் செய்திருப்பார்களா? மலைவாசிதானே, ஏழைதானே, கேட்கமாட்டான் என்கின்ற தைரியம்தானே இதற்குக் காரணம்? மருந்து நல்லதாயிருந்தால் போதாது. கொடுக்கிற முறையிலும் மனிதனுக்கு மதிப்பிருக்கவேண்டும். அந்த மதிப்பைக் கொடுக்காததனால் என்ன ஆயிற்று? நல்ல மருந்துக்கும் கெட்ட பெயர் வந்து, நம் நாட்டில் இத்திட்டம் பல வருஷங்கள் பின்னடைந்தது. அதற்குள் செத்தவர்கள் எத்தனை ஆயிரம்!

அதே சமயத்தில் நம் நாட்டில் வேறோர் ஆராய்ச்சியும் பல ஊர்களில் நடந்துகொண்டிருந்தது. நம் திண்டுக்கல் பக்கத்து அம்பிளிக்கையும் அவ்வூர்களில் ஒன்று. கம்மம் கலவரத்தால் அதிலும் ஊசி போடுவது நின்றது. அதனால் ஏறக்குறைய 5,000 பெண்களுக்கு ஒரே ஒரு ஊசியோடு நின்றுபோயிற்று. அவர்களையும் விடாமல் பத்து வருஷம் கவனித்துவந்தார்கள். ஒரு ஊசியே இரண்டு, மூன்று ஊசிக்குச் சமமாகக் காப்பாற்றுகிறதென்று 2021-ல் வெளியாயிற்று. 2022-ல் உலக சுகாதார ஸ்தாபனம் ஒரு ஊசியும் போதுமென்று ஒப்புக்கொண்டதற்கு இந்தப் பெண்களும் ஒரு காரணம். உலகத்து ஏழைப் பெண்களுக்கெல்லாம் செலவு குறைந்தது இவர்களாலும்தான். அவர்களுக்கு நாம் நன்றி செலுத்தக் கடமைப்பட்டவர்கள்.

என்ன செய்யவேண்டும்?

ஆகவே தோழர்களே, காகிதம் வரும்பொழுது பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேளுங்கள். என்ன ஊசி, எந்த நோய்க்கு? போடுகிறவர் யார், அன்றைக்கு வைத்தியர் இருப்பாரா? பெண்ணுக்கு ஏதாவது உபத்திரவம் வந்தால் யாரிடம் போவது, செலவு யாருடையது? என் பெண்ணுக்கு ஏற்கெனவே ஒவ்வாமை இருந்தால் என்ன செய்வது? இக்கேள்விகளுக்கு உபாத்தியாயரும் சுகாதார உத்தியோகஸ்தரும் முகங்கோணாமல், தமிழில், விளங்கும்படி பதில் சொல்லவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டவேண்டும். கேட்பது உங்கள் உரிமை. பதில் சொல்லுவது அவர்கள் கடமை. பெண்ணுக்கும் விஷயத்தைச் சொல்லுங்கள். உடம்பு அவளுடையது. பதில் திருப்தியாயிருந்தால் பெற்றவர் நீங்களே கையெழுத்துப் போடுங்கள். வேறொருவர் உங்களுக்காகப் போட விடாதீர்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ஊசி உங்கள் பெண்ணுக்கு, உங்களுக்கல்ல. 30 வயதுக்கு மேற்பட்டவர்கள் வெட்கத்தை விட்டுப் போய் ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஆரம்பத்தில் கண்டால் இந்த நோயைத் தீர்க்கமுடியும். ஊசி போட்டுக்கொண்ட பெண்ணும் பெரியவளானபின் பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும். ஏனெனில் ஊசி எல்லா வகைக் கிருமிகளையும் தடுப்பதில்லை.

ஒரு காலத்தில் அம்மை குத்துகிறவர் வந்தால் பிள்ளைகளைக் குதிருக்குள் ஒளித்துவைத்தோம். "அம்மாள் விளையாடுகிறாள்" என்று வேப்பிலை கட்டினோம். அந்த அம்மாள் 1975-க்குப் பிறகு இந்தியாவில் விளையாடவில்லை. 1980-ல் உலகத்திலேயே பெரியம்மை இல்லையென்று சொல்லப்பட்டது. கூழ் ஊற்றியதால் போகவில்லை, ஊசியால் போயிற்று. கருப்பை வாய்ப் புற்றையும் அப்படியே மிக மிகக் குறைக்க முடியுமென்பது பிற நாடுகளில் பிரத்தியட்சமாகிவிட்டது.

நான் சொன்னேன் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். நான் சொன்ன கணக்குகளை விசாரித்துப் பாருங்கள். சரியென்று பட்டால் நடவுங்கள். சரியென்று பட்ட பிறகும் ஊரார் என்ன சொல்லுவார்களோ என்று பின்வாங்குவீர்களேயானால், அதன் பலனை அனுபவிக்கப் போகிறவர் நீங்களல்ல, உங்கள் பெண் என்பதை மாத்திரம் நினைவில் வையுங்கள்.